கோட்டைக்குப்பத்தாரும் ஒரு மரியாதை விகுதியும்

சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், கே. ரங்காச்சாரியின் துணையோடு தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 7 தொகுதிகள் தொகுத்தார். 1909-ல் அவை வெளிவந்தன. சோழமண்டலக் கரையில் வலை வீசிப் பிழைக்கும் மக்களை அந்தத் தொகுதிகளில் தேடுகிறவருக்கு இரண்டு தலைப்புகள் கிடைக்கும்: ‘பட்டணவன்’, ‘செம்படவன்’. இரண்டுமே ஆங்கில எழுத்தில், இரண்டுமே ‘ன்’ விகுதியில். ஒரு கரையே, பல்லாயிரம் குடும்பங்களே, ‘அவன்’ ஆகிப் புத்தகத்தில் ஏறியது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் மாவட்டக் குறிப்பேடுகளிலும் அதே விகுதிதான். அந்த ஏடுகளிலிருந்து அது அலுவலகக் கோப்புக்குப் போனது, கோப்பிலிருந்து செய்தித்தாளுக்கு வந்தது.

பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கும் கோட்டைக்குப்பம் அந்தக் கரையின் ஊர்களில் ஒன்று. இன்று அது திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில் ஒரு ஊராட்சி. டச்சுக்காரர்கள் 1613-ல் கட்டிய கெல்ட்ரியா கோட்டையின் காலம் முழுவதும் இந்தக் கரையில் மீன்பிடித் தொழில் நடந்தது. துணி வணிகத்தின் பெரிய துறைமுகமாகப் பழவேற்காடு இருந்தபோதும் நடந்தது. 1690-ல் டச்சுக்காரர்கள் தங்கள் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றிக்கொண்ட பிறகும் நடந்தது. 1825-ல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போன பிறகும் நின்றுவிடவில்லை. கோட்டை மண்ணோடு மண்ணாகிவிட்டது. டச்சுக் கல்லறைத் தோட்டம் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. இறந்த டச்சு அதிகாரிகளின் பெயர், பதவி, பிறந்த ஊர் எல்லாம் கல்லில் அழகாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. அவர்களுக்கு அன்றாடம் மீன் கொடுத்த மக்களின் பெயர்களுக்கு அப்படி ஒரு கல் இல்லை.

தமிழில் ஒருவரைப் பற்றி ஒரு வாக்கியம் எழுத உட்கார்ந்தாலே, அவருக்கு மரியாதை தருகிறோமா இல்லையா என்பதை வினைமுற்றிலேயே முடிவு செய்துவிட வேண்டும். வந்தான், வந்தாள், வந்தார். இந்த மூன்றிலிருந்து தப்பிக்க வழியில்லை. அமைச்சர் ‘பேசினார்’, திருடன் ‘ஓடினான்’ என்று எழுதப் பழகிய செய்தி மேசைக்கு இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்கள்தான் நெடுங்காலம் சிக்கலாக இருந்தார்கள். கூலிக்காரர், வண்டியோட்டி, மீன் விற்கும் பெண், வலை இழுக்கும் இளைஞர் ஆகியோருக்கு எந்த விகுதி? பழைய கதைகளையும் செய்திகளையும் படித்தால் விடை தெரியும். மீன்காரி ‘சொன்னாள்’, வாங்க வந்த அம்மாள் ‘கேட்டார்’. இலக்கணம் யாரையும் இப்படி எழுதச் சொல்லவில்லை. எழுதியவரின் மனத்தில் இருந்த ஏணிதான் அந்த விகுதியைத் தேர்ந்தெடுத்தது.

இந்த விகுதியை மாற்றுவதற்கு நடந்த போராட்டத்தின் வரலாறு நூற்றாண்டைத் தாண்டியது. நாடார்கள் 1910-ல் மகாஜன சங்கம் கண்டார்கள். அரசு ஆவணங்களில் ‘சாணான்’ என்ற பெயர் போய் ‘நாடார்’ என்பது வந்தது 1921-ல். அதற்கு அடுத்த ஆண்டு, சென்னைச் சட்டமன்றத்தில் எம்.சி. ராஜா கொண்டுவந்த தீர்மானத்தைத் தொடர்ந்து, ‘பஞ்சமர்’, ‘பறையர்’ என்பவற்றுக்குப் பதில் ‘ஆதி திராவிடர்’ என்று எழுத அரசாணை பிறந்தது. 1931 கணக்கெடுப்பில் ‘பள்ளி’ என்ற இடத்தில் ‘வன்னியகுல சத்திரியர்’ வந்தது. 1929-ல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு இன்னொரு பக்கத்திலிருந்து வந்தது: பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டமே வேண்டாம் என்றது. பெரியார் தன் பெயரிலிருந்த ‘நாயக்கர்’ பட்டத்தை அதற்கு முன்பே விட்டிருந்தார்.

இந்த ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். சங்கம் வைக்க முடிந்தவர்கள், பத்திரிகை நடத்த முடிந்தவர்கள், சட்டமன்றத்தில் எழுந்து பேச ஒருவரை அனுப்ப முடிந்தவர்கள் முதலில் தங்கள் பெயரைத் தாங்களே சொல்லும் உரிமையைப் பெற்றார்கள். ஏரியில் கழி ஊன்றி வலை கட்டிக்கொண்டிருந்த கோட்டைக்குப்பத்துக்கு அச்சகம் எங்கே, சட்டமன்றம் எங்கே?

ஆனால் எல்லாரும் ‘ர்’ ஒன்றையே தீர்வாகக் கருதவில்லை. இரட்டைமலை சீனிவாசன் 1893-ல் தொடங்கிய பத்திரிகையின் பெயரே ‘பறையன்’. இழிவென்று பிறர் வீசிய பெயரைத் தலைப்பில் பெரிதாக அச்சிட்டுத் தலைநிமிர்ந்து நடந்த செயல் அது. அயோத்திதாசர் அந்தப் பெயரை ஏற்கவில்லை. அவர் நடத்திய இதழின் பெயர் ‘தமிழன்’. இருவரும் ஒரே மக்களுக்காகப் போராடியவர்கள், எதிரெதிர் வழியில் போனார்கள். மரியாதையான மொழி எது என்று வெளியிலிருந்து ஒருவர் பட்டியல் போட்டுக் கொடுத்துவிட முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தமிழில் இல்லை.

இனி குப்பத்துக்கு வருவோம்.

பழவேற்காட்டைச் சுற்றி ஆண்டிகுப்பம், நடுக்குப்பம், வைரவன்குப்பம், கூனங்குப்பம், அரங்கம்குப்பம் என்று பெயர்கள் நீளும். சென்னைக்குள் நொச்சிக்குப்பம், அயோத்தியா குப்பம், ஊரூர் ஆல்காட் குப்பம். இவையெல்லாம் கடற்கரை ஊர்கள். தலைக்கட்டு, ஊர்ப் பஞ்சாயத்து, கோவில் திருவிழா, கட்டுப்பாடு என்று முழு அமைப்போடு இயங்கும் கிராமங்கள். பல, சென்னை நகரத்தைவிட வயதில் மூத்தவை. ஆனால் தமிழ்த் திரையும் பத்திரிகையும் ‘குப்பம்’ என்பதைச் சேரி, சாக்கடை, அடிதடி, கொச்சைப் பேச்சு என்று மாற்றிவிட்டன. 1979-ல் ‘குப்பத்து ராஜா’ என்றொரு படம் வந்தது; 40 ஆண்டு கழித்து, 2019-ல், அதே தலைப்பில் இன்னொன்று. ‘குப்பத்து பாஷை’ என்பது வசைச் சொல்லானது. 2003-ல் காவல்துறையால் சுட்டுக்கொல்லப்பட்ட ரவுடி ஒருவரை ஊடகங்கள் இன்றுவரை ‘அயோத்தியாகுப்பம்’ என்ற ஊர்ப்பெயரை முன்னால் ஒட்டித்தான் அழைக்கின்றன. குற்றம் செய்தது ஒரு ஆள், பெயர் சுமப்பது ஒரு ஊர். அந்த ஊரிலிருந்து வேலை தேடிப் போகும் இளைஞர் தன் முகவரியைச் சொல்லும்போது என்ன நடக்கும் என்று தலைப்பு எழுதியவர் யோசித்திருக்க வேண்டும்.

சொல் கெட்டால் நிலமும் கைவிட்டுப் போகும் என்பதற்குச் சென்னைக் கடற்கரையே சாட்சி. 1985-ல் மெரினாவை ‘அழகுபடுத்த’ வேண்டும் என்று கட்டுமரங்களையும் வலைகளையும் அகற்ற முற்பட்டபோது அது துப்பாக்கிச்சூட்டிலும் உயிரிழப்பிலும் முடிந்தது. அழகுபடுத்தல் என்ற சொல்லுக்குள், அங்கே கிடந்த மரமும் வலையும் அசிங்கம் என்ற தீர்ப்பு ஒளிந்திருந்தது. 2023 ஏப்ரலில் அதே கரையில், மெரினா லூப் சாலையில் மீன் விற்றவர்களின் கடைகள் பற்றிச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது, மாநகராட்சி கடைகளை அகற்றியது. செய்திகளில் அடிபட்ட சொல் ‘ஆக்கிரமிப்பு’. கடற்கரையில் பாட்டன் காலத்திலிருந்து மீன் விற்கிறோம், சாலைதான் பிறகு எங்கள் இடத்துக்குள் வந்தது என்று நொச்சிக்குப்பத்தார் தெருவில் இறங்கிச் சொன்னார்கள். சாலை வந்து சேர்ந்ததைக் குறிக்க அந்தச் சொல்லை எந்தத் தலைப்பும் பயன்படுத்தத் துணியவில்லை.

பழவேற்காட்டுக்குத் தெற்கே, பக்கிங்காம் கால்வாய் இணைக்கும் எண்ணூர் கழிமுகத்திலும் இதே கதைதான். ‘புறம்போக்கு’ என்பது வருவாய்த் துறையின் பழைய சொல்: யாருக்கும் பட்டா இல்லாத, ஊருக்கே பொதுவான நிலம். அது எப்படியோ மனிதர்களைத் திட்டும் சொல்லாகிவிட்டது. 2017-ல் கபேர் வாசுகி எழுத, டி.எம். கிருஷ்ணா பாடிய ‘சென்னை புறம்போக்குப் பாடல்’ எண்ணூரில் சாம்பலும் சகதியுமாகக் கிடந்த இடத்திலேயே படமாக்கப்பட்டது. திட்டிய சொல்லை எடுத்துத் தன் மேல் போட்டுக்கொள்ளும் அந்தத் துணிவில் இரட்டைமலை சீனிவாசனின் சாயல் உண்டு. கிருஷ்ணாவும் நண்பர்களும் 2015-ல் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் தொடங்கிய கலைவிழாவுக்கும் ‘குப்பம் விழா’ என்றே பெயர் வைத்தார்கள். கர்நாடக சங்கீதம் பேசும் பக்கத்தில் ‘குப்பம்’ மரியாதையோடு அச்சானது அன்றுதான் என்றால் மிகையில்லை.

அரசும் மெதுவாக நகர்ந்தது. 1970-ல் தொடங்கிய குடிசை மாற்று வாரியத்துக்கு 2021 செப்டம்பரில் ‘தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்’ என்று பெயர் வந்தது. நல்ல மாற்றம். ஆனாலும் 1971-ன் குடிசைப் பகுதிச் சட்டம் பழைய பெயரோடு தொடர்ந்தது. பலகையைவிடச் சட்டப் புத்தகம் மாறுவது கடினம். 2025 ஏப்ரலில் முதல்வர் மு.க. ஸ்டாலின் ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாகச் சட்டமன்றத்தில் அறிவித்தார். கடற்கரையில் இருப்பவர்களுக்கு அந்தச் செய்தி இன்னொரு பெயரை நினைவூட்டும்: ‘சுனாமி குடியிருப்பு’. 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு கட்டிக்கொடுத்த வீடுகளுக்கு ஒட்டிய பெயர் அது. 20 ஆண்டு கடந்தும் பேருந்து நடத்துநரும் நிருபரும் அதே பெயரைச் சொல்கிறார்கள். அந்த வீடுகளில் பிறந்த பிள்ளைகள் இன்று கல்லூரிக்குப் போகிறார்கள். தாங்கள் பிறப்பதற்கு முன்னால் வந்த அலையின் பெயரை விலாசத்தில் எழுதிக்கொண்டு போகிறார்கள்.

சுனாமி வேறொன்றையும் வெளியே கொண்டுவந்தது. அதைத்தான் ஊடகங்கள் இன்னும் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை.

‘மீனவர்’ என்பது மரியாதையான சொல். ‘ர்’ விகுதி ஆணையும் பெண்ணையும் சேர்த்து அணைக்கிறது. ‘ஃபிஷர்மென்’ என்ற ஆங்கிலச் சொல்லில் ஆண் மட்டும் இருப்பதால் உலக உணவு வேளாண் அமைப்பு 2014-ல் சிறுமீன்பிடிப்பு நெறிமுறைகள் வெளியிட்டபோது ‘ஃபிஷர்ஸ்’ என்றே எழுதியது. தமிழுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் இந்தச் சொல்லுக்குத் தமிழ்நாட்டில் இரண்டு வேலை. அது தொழிலின் பெயர். மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் பர்வதராஜகுலம், பட்டணவர், செம்படவர் ஆகியோரைச் சேர்த்துச் சொல்லும் சாதிப் பெயரும் அதுவே. தர்ஸ்டனின் ‘ன்’ இங்கே ‘ர்’ ஆகிவிட்டது, மகிழ வேண்டியதுதான். ஆனால் ஏரியில் இறங்கிப் பிழைக்கும் எல்லாரும் இதற்குள் வந்துவிடவில்லை.

பழவேற்காடு ஏரியில் கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், நடுக்குப்பம் ஆகிய மூன்று பட்டணவர் ஊர்களுக்குப் ‘பாடு’ என்ற பழைய முறை உண்டு. கழி ஊன்றி வலை கட்டும் இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு. வலிமை உள்ளவன் நல்ல இடத்தைப் பிடித்துக்கொள்ளாமல் காத்த முறை அது. கடல்வள ஆய்வாளர்கள் அதைத் தேடிவந்து எழுதியிருக்கிறார்கள். ஆனால் பாடு முறையில் பங்கு ஊரின் தலைக்கட்டுக்குத்தான், அதாவது அந்தச் சமூகத்தின் ஆண்களுக்குத்தான். அதே ஏரியில் பட்டியல் சாதியினர் மீன் பிடிக்கிறார்கள், முஸ்லிம்கள் பிடிக்கிறார்கள். இருளர்கள் இடுப்பளவு நீரில் சேற்றைக் கையால் தடவி இறால் எடுக்கிறார்கள், ஆணும் பெண்ணுமாக, பறி என்ற கூடையைக் கூடவே இழுத்துக்கொண்டு. வலையும் இல்லை, படகும் இல்லை. மணிக்கணக்கில் உப்புநீரில் நிற்கிறார்கள். மீன்பிடித் தொழிலில் இதைவிட நேரான உழைப்பு வேறு இல்லை.

சுனாமிக்குப் பின் வந்த செய்திகளில் ‘பாதிக்கப்பட்டவர்’ என்றால் ‘மீனவர்’ என்று ஆனது. படகு போனது, வலை போனது என்று கணக்கு எடுத்தார்கள். படகே இல்லாதவருக்கு எதை இழப்பாகக் காட்டுவது? தமிழகக் கடற்கரையின் பல இடங்களில் தலித் மக்களும் இருளர்களும் நிவாரணத்தில் விடுபட்டார்கள் என்பது அன்று களத்தில் இருந்த மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்த உண்மை. மரியாதையான ஒரு சொல்லே வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. 2007-ல் வந்த தமிழ்நாடு மீனவர் நல வாரியச் சட்டம் தன் தலைப்பிலேயே மீனவர்களோடு மீன்பிடித் தொழிலிலும் அதைச் சார்ந்த வேலைகளிலும் ஈடுபடும் தொழிலாளர்களையும் சேர்த்துச் சொல்கிறது. சட்டம் எழுதியவர்களுக்குத் தோன்றியது செய்தி எழுதுகிறவர்களுக்கும் தோன்ற வேண்டும். ‘பழவேற்காடு மீனவர்கள் கோரிக்கை’ என்று தலைப்பிடும் முன் எந்த ஊர், எந்தத் தொழில், யார் கோருகிறார்கள் என்று கேட்டால் போதும்.

இருளர்களுக்கு அரசு வைத்த பெயரும் திருத்தப்பட்டதுதான். 1970-களில் மத்திய அரசு வகுத்த பிரிவின் பெயரில் ‘பிரிமிட்டிவ்’, அதாவது ஆதிகால நிலையில் நிற்பவர்கள் என்ற சொல் இருந்தது. 2006-ல் அதை நீக்கி, ‘குறிப்பாகப் பாதிப்புக்கு உள்ளாகக்கூடிய பழங்குடிகள்’ என்று மாற்றினார்கள். குறை மனிதர்களிடம் இல்லை, அவர்களைச் சூழ்ந்த நிலைமையில் இருக்கிறது என்று ஒப்புக்கொண்ட மாற்றம் அது.

பெண்கள் நிலை இன்னும் மோசம். சட்டமன்றத்தில் கூச்சல் எழுந்தால் ‘இதென்ன மீன் மார்க்கெட்டா?’ என்று கேட்பதும் அதை அப்படியே தலைப்பாக்குவதும் இன்றும் நடக்கிறது. கூவி விற்பது தொழில். விலை பேசுவது திறமை. விடியற்காலையில் ஏலம் எடுத்து, ஐஸ் போட்டு, கூடை தூக்கி, பகல் முழுக்கக் கணக்குப் பார்க்கும் பெண்களின் வேலையிடம் ஒழுங்கீனத்துக்கு உவமையாகிவிட்டது. 2021 டிசம்பரில் குளச்சலில் மீன் விற்றுத் திரும்பிய முதிய பெண் ஒருவர், நாற்றம் என்று சொல்லி அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிடப்பட்டார். அவர் நியாயம் கேட்ட காட்சி நாடு முழுக்கப் பரவியது. ஊழியர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். அன்று பல செய்திகளில் அவர் ‘மூதாட்டி’, வினைமுற்று ‘ர்’. தலைமுறை ஒன்றுக்கு முன்னால் இதே செய்தி ‘மீன்காரி ரகளை’ என்று வந்திருக்கக்கூடும். மாற்றம் இல்லை என்று சொல்ல முடியாது.

விளம்பர உலகம் திட்டுவதில்லை; மறைத்துவிடுகிறது. பழவேற்காட்டுக்கு அழைக்கும் சுற்றுலா விளம்பரங்களில் பூநாரை உண்டு, டச்சுக் கல்லறை உண்டு, சூரிய உதயம் உண்டு. ‘மனிதர் காலடி படாத கடற்கரை’ என்ற ரகத்தில் வாசகங்கள் உண்டு. அந்தக் கரையில் நாள்தோறும் காலடி வைப்பவர்கள் கணக்கில் இல்லை. படத்தில் மனிதர் வந்தால் வானத்துக்கு எதிரே கருநிழலாக வலை வீசிக்கொண்டிருப்பார், முகம் தெரியாது. துறைமுகத் திட்டங்களை விளம்பரப்படுத்துகிறவர்களுக்கு இந்த வெற்றிடம் மிக வசதி. ஆள் இல்லாத கரையில் எதையும் கட்டலாம் அல்லவா?

வேறு வழி இருக்கிறது என்பதைத் தமிழ்நாடே காட்டியிருக்கிறது. 2008-ல் திருநங்கையருக்கான நல வாரியம் அமைந்ததையொட்டி ‘திருநங்கை’ என்ற சொல் அரசேட்டில் ஏறி, சில ஆண்டுகளில் பத்திரிகைகளிலும் நிலைத்தது. ‘மாற்றுத்திறனாளி’யும் அப்படித்தான். 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் வழங்கிய உத்தரவைத் தொடர்ந்து, பால்புதுமையர் (எல்ஜிபிடிக்யூ+ மக்கள்) பற்றி எழுதும்போது பயன்படுத்த வேண்டிய தமிழ்ச் சொற்களின் தொகுப்பு உருவானது. சம்பந்தப்பட்டவர்களின் கருத்தைக் கேட்டுத் தயாரித்து, 2022 ஆகஸ்டில் அரசிதழில் வெளியிட்டார்கள். சொல்லைவிட அந்த நடைமுறை முக்கியம்: யாரைப் பற்றிய சொல்லோ அவரிடம் கேட்பது. கடற்கரைக்கு அப்படி ஒரு தொகுப்பு இதுவரை இல்லை. நெல்லைக் கடற்கரையின் உவரியில் பிறந்த ஜோ டி குரூஸ் 2004-ல் ‘ஆழி சூழ் உலகு’ எழுதியபோது கடல்மொழி தமிழ் வாசகர்களுக்குப் புத்தம் புதிதாக இருந்தது. பழவேற்காட்டின் பேச்சு அப்படி ஒரு புத்தகத்துக்காக இன்னும் காத்திருக்கிறது.

‘ன்’ விகுதியின் கணக்கும் முடியவில்லை. 1950-ன் பட்டியல் சாதிகள் ஆணையில் பறையன், பள்ளன், சக்கிலியன் என்றே பெயர்கள் அச்சாகியிருக்கின்றன. அவற்றை ‘ர்’ விகுதிக்கு மாற்ற வேண்டும் என்ற கோரிக்கையை 2025-ல் தமிழக அரசு கையில் எடுத்தது. அதைச் செய்ய நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்த வேண்டும்.

செய்தி மேசைக்கும் விளம்பர நிறுவனத்துக்கும் அவ்வளவு காத்திருக்க அவசியம் இல்லை. இந்தக் குளிர்காலத்திலும் பூநாரைகளைப் படமெடுக்கப் புகைப்படக்காரர்கள் ஏரிக்கு வருவார்கள். படகோட்டுகிறவரையும் இறால் தடவுகிறவரையும் சேர்த்தே எடுப்பார்கள். எடுத்துக்கொள்ளலாமா என்று முதலில் அவர்களைக் கேளுங்கள். பிறகு அவர்கள் பெயரையும் ஊரையும் கேட்டு, அவர்கள் சொல்கிறபடியே படத்தின் கீழே அச்சிடுங்கள்.